பகல்ல யாரு இருப்பீங்க?

"ஆடு மேய்க்கிற நாய் ஜாதிங்க இது. காசே வாணாம், பகல்ல கூடவே ஒரு ஆளு இருக்கணும். தனியா விட்டா ஏங்கிப் பூடும்" என்றார் நாய் வளர்க்கும் சஹாபுதீன்.

நாய்க்குட்டி கல்பனாவின் குதிகாலை முட்டி முட்டித் தள்ளியது. அவள் அதை விட மனசில்லாமல் நகர்ந்தாள்.

"நான் ஜவுளிக் கடைக்குப் பூடுவேன். இவருக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில வேலை. பகல்ல ஊட்ல ஆளே கிடையாது பாய்."

"நான் இருக்கேன்" என்றான் அவள் கணவன் அன்புராஜ்.

"இன்னா சொல்றீங்க? வேலை?"

"போயி இருபது நாளு ஆவுது."

"நேத்துகூட சாப்பாடு கட்டிக்கினு போனீங்களே?"

"சோழவரம் ஏரிக்கரையில குந்திக்கினு சாப்ட்டேன்."

கல்பனா குட்டியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"நாளையிலேர்ந்து ஊட்லயே சாப்புடுங்க. ரெண்டு பேரும்."