எதிர்க்கடைச் சாவி

"இதுவும் வேணாம் ரூபினா. வேற காட்டு."

ஈயம் பற்றவைக்கும் ஐந்தாவது சால்டரிங் அயனையும் தள்ளி வைத்தார் ஹுமாயூன். ராயபுரம் ஸ்டேஷனில் மத்தியான ரயில் ஊதிவிட்டுப் போனது. உப்புக்காற்றில் ரூபினாவுக்குக் கண் சொக்கியது. எரிச்சல் மட்டும் தூங்கவில்லை.

இருக்காதா பின்னே? ஹுமாயூன் டிவி ரிப்பேர்க்காரர். அவர் கடைக்கு எதிர்க்கடை லோகநாதனுக்கும் அதே தொழில். இருபது வருஷமாக இருவருக்கும் ஏழாம் பொருத்தம். பக்கவாதத்தில் லோகநாதனின் வலது கை விழுந்து மூன்று மாசமாச்சு, கடை பூட்டிக் கிடக்கிறது.

ரூபினா இந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டபோது முதலில் படியேறியவர் லோகநாதன்தான். அவர் கடை மறுபடி திறக்காதா என்று அவளுக்கு ஏக்கம்.

"அந்தக் கடையையும் நீங்களே எடுக்கப் போறதா பேசிக்கிறாங்களே, பாய்?"

"சாவி எங்கிட்டதான் கீது," என்றார் ஹுமாயூன் கூசாமல். "வெள்ளிக்கெழம தொறக்கணும்."

அதற்குத்தானா இந்த அயன்! ரூபினா கோபத்தில் ஆறாவதை டக்கென்று மேஜையில் வைத்தாள்.

அவரோ எங்கோ மிதந்துகொண்டிருந்தார். அதை இடது கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். காற்றில் மெல்ல மெல்லப் புள்ளி வைத்தார். கனவில் கோலம் போடுகிற மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கோபம்கூட ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"லேசா கீது. ஒயரும் கைய இழுக்கல. முனைக்குக் கிட்டவே புடிக்கலாம், கை ஆடுனாலும் முனை ஆடாது. இத்தயே குடு."

"உங்களுக்குச் சோத்தாங்கைதானே பாய் பழக்கம்?"

ஹுமாயூன் கண் திறந்தார். இடது கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். அதற்குள் ரூபினா பார்த்துவிட்டாள். விரலெல்லாம் சுட்ட தழும்பு.

"இன்னா பாய் இது?"

"ஒண்ணுமில்ல. பொட்டி மேல லோகநாதன்னு பேரு எழுதிக் குடு. கடைய நான் கூட்டித் தொடச்சி வச்சிட்டேன், அந்தாளு வந்து ஒக்கார வேண்டியதுதான்."

பேனாவை எடுத்தவள் அவருடைய இடது கையை மறுபடி பார்த்தாள்.

"அந்தாளுக்கு இனிமே பீச்சாங்கைதானே ரூபினா? எந்த அயனு கைய சுடும், எது சுடாதுன்னு நான்தான் ரெண்டு மாசமா பழகிப் பாத்துகினு கீறேன்."