அவரவர் வாசல்

"எவ்வளவு தைரியம் இருந்தா வாசல் மாறி நுழைவாங்க? இன்னிக்கே இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்!"

செல்போனை மேஜைமேல் போட்டுவிட்டு பில்டர் எழுந்தார். எதிரே வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள் தலை நிமிரவில்லை. மாமா ஒரு நாளைக்கு நாலு முடிவாவது கட்டுவார் என்று அவளுக்குத் தெரியும். அவருடைய கம்பெனியின் ஆர்க்கிடெக்ட் அவள்தான்.

"போன்ல யாரு மாமா?"

"நம்ம புதுக் கட்டடத்து சங்கச் செயலாளர். தினமும் தகராறாம். எல்லாரும் ஒரே வாசல்ல முட்டி மோதறாங்களாம். இன்னொரு வாசலைச் சீந்தறதுக்கு ஆளில்லையாம்."

"எந்த வாசல்னு கேட்டீங்களா?"

"இதை வேற கேட்டுத் தெரிஞ்சுக்கணுமாக்கும்! அந்த வாடகை ஆளுங்கதான். பளபளன்னு முன்வாசல் இருக்கும்போது பின்வாசல்ல போக யாருக்கு மனசு வரும்?"

அந்தக் கட்டடத்தில் அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட மேல்மாடி வீடு போக, முப்பது வீடுகளை விற்றாகிவிட்டது. மீதிப் பத்து வீடுகளைத் தெருப் பெருக்குகிறவர்கள், பஸ் கண்டக்டர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள் போன்றவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடவேண்டும் என்பது நகராட்சியின் நிபந்தனை. எல்லோருக்கும் ஒரே வாசல் என்றுதான் அவள் முதலில் வரைந்திருந்தாள். மாமா குதித்தார். மூன்று நாள் சண்டை. நாலாம் நாள், "சரி மாமா, உங்க இஷ்டம்" என்று வீடு வாங்கியவர்களுக்கு முன்னால் ஒன்று, வாடகைக்காரர்களுக்குப் பின்னால் ஒன்று என இரண்டு வாசல் போட்டுக் கொடுத்தாள்.

முன்வாசலை அவரே பார்த்துப் பார்த்துச் செய்தார். மெயின் ரோட்டைப் பார்த்தபடி இரண்டு மாடி உயரக் கண்ணாடி, முகம் தெரிகிற கறுப்புக் கிரானைட். சந்துப் பக்கத்துப் பின்வாசலை, "நீ என்னவோ பண்ணிக்கோ" என்று அவளிடமே விட்டுவிட்டார். மிச்சம் விழுந்த செங்கல்லை வைத்து அவளும் என்னவோ பண்ணிக்கொண்டாள். அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மேல்மாடி வீட்டில்தான் அவரும் குடியிருக்கிறார். ஆனால் காரோடு தரைக்கடியில் இறங்கி, அங்கேயே லிஃப்டில் ஏறிவிடுகிற மனிதருக்கு வாசல் எதற்கு?

"எழுதிக்கோ" என்றார். "குடியிருப்போர் அவரவர்க்கு ஒதுக்கப்பட்ட வாசலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மாறி நுழைவோரின் பெயர், அந்த வாசலில் உள்ள பலகையில் எல்லோரும் பார்க்கும்படி எழுதப்படும்."

"ஸ்கூல்ல பேசினவங்க பேரை எழுதற மாதிரி இருக்கே மாமா!"

"மானம் போனாத்தான் புத்தி வரும்."

"யாரு எழுதறது?"

"அந்தந்த வாசல்காரங்களே எழுதட்டும்."

"வீடு வாங்கினவங்களுக்கும் இது பொருந்தும்தானே?"

"தாராளமா! சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் பெருந்தன்மையோடு. செலவில்லாத பெருந்தன்மை என்றால் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவள் ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதி நீட்டினாள். கையெழுத்துப் போடும்போது அவருக்கே மனசு என்னவோ போல் இருந்தது.

"உனக்கு வருத்தம்தான், தெரியும். ஏழை பணக்காரன் எல்லாரும் ஒரே வாசல்ல சிரிச்சுப் பேசிட்டு வரணும்னு ஆசைப்பட்டே. ஆனா அதெல்லாம் நடக்கற கதையா?"

"அப்ப ரொம்ப அழுதேன் மாமா" என்றாள். அவர் பேச்சை மாற்றி, தண்ணீர் கேட்டார்.

ஒரு வாரம் கழித்து, மத்தியானம் மூன்று மணிக்கு, அறிவிப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அவளையும் அழைத்துக்கொண்டு கட்டடத்துக்குப் போனார்.

முன்வாசலில் ஈ காக்கா இல்லை. பலகை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பெயர்கூட இல்லை.

"பார்த்தியா! உன் மாமன் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டா அதுக்கு இருக்கற மரியாதையைப் பார்த்தியா!"

"பார்த்தேன் மாமா" என்று முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

அவருக்கும் வியர்த்துக் கொட்டியது. மேற்கு வெயில் கண்ணாடி முழுக்க இறங்கி, கறுப்புக் கல் தோசைக்கல்லாய்க் காய்ந்துகொண்டிருந்தது. பசுமைக் கட்டடம் என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்வதற்காக, பொது இடத்தில் ஏசி கூடாது என்று அவரேதான் ஒப்புக்கொண்டிருந்தார்.

"காவலாளி எங்கே தொலைஞ்சான்?"

"பின்பக்கம் இருப்பாரு. அங்கேயும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாமே."

நடையைத் தாண்டியதும் சிலுசிலுவென்று முகத்தில் காற்று அடித்தது. இடையிடையே ஓட்டை விட்டு அடுக்கிய செங்கல் சுவர், வெட்டாமல் விட்ட பெரிய மரம், நிழலில் நீளமான திண்டு. கட்டடத்தில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள், காவலாளி உட்பட. வீடு வாங்கிய வக்கீல், ஆஸ்பத்திரி ஆயாவோடு தன் மூட்டுவலி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பலகையில் இடமே இல்லை. கண்டக்டர் அம்மா ஸ்டூல்மேல் ஏறி, ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு பெயரை நுழைத்துக்கொண்டிருந்தாள். பில்டர் படித்தார். முப்பது வீட்டுக்காரர்களின் பெயர்கள். ஒரு வாடகைக்காரர் பெயர்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தில் நாளுக்கு ஒன்றாக ஏழு கோடுகளோடு, அவருடைய மனைவியின் பெயர்.

அந்த அம்மாள் திண்டில் சம்மணம் போட்டு, தெருப் பெருக்குகிறவளோடு சீட்டாடிக்கொண்டிருந்தாள். "இருங்க, இந்த ஆட்டம் முடியட்டும்" என்றாள், கணவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பில்டர் மெல்லத் திரும்பி அக்கா மகளைப் பார்த்தார்.

"நீங்க கேட்ட மாதிரியே ரெண்டு வாசல் குடுத்தேன்ல மாமா?" என்றாள் அவள். "காத்து எந்த வாசல்ல வரணும்னு மட்டும் நீங்க சொல்லவே இல்லையே!"