ஜீப்பின் கழுத்து

ஜீப் மறுபடியும் நின்றுவிட்டது. இந்த முறை ஒர்க்‌ஷாப் வாசலிலேயே.

கறுப்புப் புகை அடங்குவதற்குள் என்ஜினியர் கருணாகரன் குதித்து இறங்கினார். மூன்று நாளாக இதே கூத்து. காலையில் அவர் குவார்ட்டர்ஸிலிருந்து வண்டி சமர்த்தாகக் கிளம்பும். சுரங்கம் போய்ச் சேர்வதற்குள் பெட்ரோலை மூக்குமுட்டக் குடித்துவிட்டு நடுரோட்டில் படுத்துக்கொள்ளும்.

தலைமை மெக்கானிக் இசக்கிமுத்து பிளக்கை மாற்றிப் பார்த்தார். பெட்ரோல் பம்பை மாற்றிப் பார்த்தார். அப்புறம் தனக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டார்.

மிச்சம் இருந்தது கான்ட்ராக்ட் ஆள் கண்ணையன்தான்.

"சங்கு ஊதறதுக்குள்ள வண்டி ஓடணும். ஓடினா பெர்மனன்ட் லிஸ்ட்ல உன் பேரு. இல்லைன்னா நாளையிலேர்ந்து நீ வரவே வேண்டாம்" என்றார் என்ஜினியர்.

நான்கு வருஷமாகக் கண்ணையன் தவம் கிடக்கிற வார்த்தை அது. பெர்மனன்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் உண்டு. குவார்ட்டர்ஸில் குழாய் உண்டு. அவன் மனைவி செல்லக்கிளி இதே என்ஜினியர் வீட்டில்தான் பெருக்கித் துடைக்கிறாள். திருகினால் தண்ணீர் கொட்டுகிற அந்த அதிசயத்தைப் பற்றிப் பேசாமல் அவள் ஒரு நாளும் சோறு போட்டதில்லை.

அவன் பானெட்டைத் தூக்கினான். ஷிப்ட் முடிகிற சங்கு ஊத இன்னும் அரை மணிதான் இருந்தது.

பிளக்கைக் கழற்றினால், முங்கிக் குளித்துவிட்டு வந்ததுபோல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கார்புரேட்டரைத் திறந்து மிதவையைக் காதருகே குலுக்கினான். ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே பெட்ரோல் சளசளக்கும். சத்தமே இல்லை. பெட்ரோல் வழியை அடைக்கிற ஊசியை வாயால் ஊதிப் பார்த்தான். அதுவும் கச்சிதமாக அடைத்தது.

பெட்ரோல் அளவாகத்தான் வருகிறது. அப்படியானால் காற்றுதான் குறைகிறது.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது காற்றை மறிப்பதற்கென்று கார்புரேட்டரின் கழுத்தில் ஒரு தகடு உண்டு. சோக் என்பார்கள். கிளம்பியதும் குமிழை உள்ளே தள்ளினால் தகடு திறந்துவிடும். குமிழ் உள்ளேதான் இருந்தது. இசக்கிமுத்துவும் அதைப் பார்த்துத்தான் அந்தப் பக்கமே போகவில்லை.

கண்ணையன் காற்றுக்குழாயைக் கழற்றிவிட்டுக் கழுத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

தகடு மூடிக் கிடந்தது.

குமிழிலிருந்து வரும் கம்பியைப் பிடித்திருந்த திருகு தளர்ந்து, கம்பி மட்டும் வெறுமனே போய் வந்துகொண்டிருந்தது. தகட்டின் நெம்புகோல் ஏன் அசையவில்லை என்று அடியில் விரலை விட்டான். ஒரு கறுப்புக் கயிறு தட்டுப்பட்டது. நெம்புகோலையும் கழுத்தையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. கயிற்றின் நுனியில் ஒரு செப்புத் தாயத்து.

எவனோ என்ஜினியருக்குச் செய்வினை வைத்திருக்கிறான்!

சாமியும் கிடையாது பூதமும் கிடையாது என்று மந்தாரக்குப்பம் டீக்கடையில் வாய் கிழியப் பேசுகிறவன் கண்ணையன். வேறு நாளாயிருந்தால் அதைத் தூக்கிக் காட்டி ஊரையே சிரிக்க வைத்திருப்பான். இன்றைக்கு வாய் திறக்கவில்லை. ஒரு கயிற்றை அவிழ்த்ததற்கு எவன் பெர்மனன்ட் தருவான்?

சத்தமில்லாமல் அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டான். திருகை முடுக்கினான். பிறகு, வேலை பெரிய வேலையாகத் தெரியவேண்டுமே என்று, ஒன்றும் இல்லாத இடத்தில் சுத்தியலால் ஐந்து நிமிஷம் தட்டினான்.

ஜீப் கிளம்பியது. என்ஜினியர் ஆர்ச் கேட் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். புகையில்லை, இருமல் இல்லை. கீழே இறங்காமலே பையிலிருந்து லிஸ்டை எடுத்து, ஸ்டியரிங்மேல் வைத்துக் கண்ணையன் பெயரை எழுதினார். அப்போதுதான் சங்கு ஊதியது.

கண்ணையனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்ரோல் வாடை என்று துடைத்துக்கொண்டான்.

தூக்குவாளியோடு கேட்டருகே நின்ற செல்லக்கிளியிடம் ஓடிப்போய்ச் சொன்னான். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவளோ நிதானமாக மூடியைத் திறந்து கூழை ஊற்றினாள்.

"எனக்குத் தெரியும். ஐயா வண்டிக்குக் கழுத்துல தாயத்து கட்டு, மூணே நாள்ல உன் வூட்டுக்காரன் பேரை எழுதுவாருன்னு கம்மாபுரம் பூசாரி சொன்னாரு. எஞ்சினுக்குக் கழுத்து எதுன்னுதான் அன்னைக்கே நீ பானெட்டைத் தூக்கிகினு காட்டுனியே! இனிமே யாரும் அத அவுக்காம இருக்கணும். அவுத்தா வந்த வேல போயிடுமாம்."

கண்ணையன் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

மறுநாள் காலை, ஆயில் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவன் என்ஜினியர் வீட்டு வாசலுக்குப் போனான். வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த செல்லக்கிளி உள்ளே போகிறவரை காத்திருந்தான்.

அப்புறம் ஜீப்புக்கு அடியில் படுத்து, எதுவும் அசையாத இடமாகப் பார்த்து, மூன்று முடிச்சுப் போட்டான்.