எந்த ஊர் தேவலாம்?

"தெற்கே வந்துடலாம்னு இருக்கேன்டா. உங்க ரெண்டு ஊர்ல இருக்கறதுக்கு எது தேவலாம்?"

அம்மா போனில் இப்படிக் கேட்டபோது இரண்டு மகன்களும் லைனில் இருந்தார்கள். போன வாரம்வரை அவரவர் ஊரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியவர்கள்.

பெரியவன்தான் முந்திக்கொண்டான். "தம்பி ஊருக்கே போம்மா. ஜிலுஜிலுன்னு கடல் காத்து. இங்க டிராஃபிக்ல மனுஷன் இருப்பானா?"

"ஐயோ, இங்க வெயில் மண்டையைப் பொளக்குதும்மா!" என்று அலறினான் சின்னவன். "குழாயில தண்ணி வாரத்துக்கு ஒருநாள்தான். அண்ணன் ஊர்தான் உன் உடம்புக்கு ஒத்துக்கும்."

அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"இல்லடா, குடிநீர் வாரியத்துல என்னைத் தலைமை இன்ஜினியர் ஆக்கிட்டாங்க. ரெண்டு ஊர்ல எதுன்னு நானே எழுதிக் குடுக்கணுமாம். எங்க போனாலும் தோட்டத்தோட அஞ்சு ரூம் குவார்ட்டர்ஸ். நீங்க வாடகை வீட்ல இடிபடறீங்களே, ஒருத்தனையாவது குடும்பத்தோட கூட வச்சுக்கலாம்னு பாத்தேன்."

"டிராஃபிக்கெல்லாம் மேம்பாலம் வந்ததும் சரியாயிடுச்சும்மா!" என்றான் பெரியவன்.

"இங்க வெயில் மத்தியானம் மட்டும்தாம்மா!" என்றான் சின்னவன்.

"உன் ஊருக்கே வரேன்டா சின்னவனே. வாரத்துக்கு ஒருநாள்தான் தண்ணி வருதுன்னியே, முதல்ல அதைச் சரிபண்ணணும்."

போனை வைத்துவிட்டு, குவார்ட்டர்ஸ் படிவத்தில் ஊர்ப் பெயரை எழுதினாள். 'உடன் தங்குவோர்' என்ற இடத்தில் 'எவருமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.