ஈதரில் கழுவிய ஊசி

தவமணி ஒளித்து ஒளித்துச் செய்கிற உபகாரங்கள் பூரணியைத் தவிர ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்று அவளுடைய ஊசியை ஈதரில் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தான். அந்த ஊசியால்தான் அவள் வினையைத் தொடக்கும் மருந்தை, ரப்பர் உருவாகவேண்டிய குடுவைக்குள் செலுத்தினாள். வெளிர்மஞ்சளாக நிற்கவேண்டிய திரவம் ஆரஞ்சாகச் சிவந்தது. ஊசியில் ஈதர் இருந்திருக்கிறது என்று பூரணிக்குப் புரிந்துவிட்டது. ஈதர் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் போதும். நெகிழ்ந்து நீளவேண்டிய ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலி கணுவுக்குக் கணு கிளைவிட்டு, குளிர் பட்டதும் விறைத்துப்போகும். மாலையில் கம்பெனிக்காரர்கள் அதை உலர்பனியில் வைத்து வளைத்துப் பார்ப்பார்கள். வளைந்தால் அவளுக்கு வேலை. முறிந்தால் அப்பா பார்த்துவைத்திருக்கும் சேலத்து மாப்பிள்ளை. இருந்த மூலப்பொருள் எல்லாம் குடுவைக்குள் போயாயிற்று. விழுந்த சொட்டைத் திரும்ப எடுக்க வழியில்லை. சங்கிலி தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

வாசலில் தவமணி வந்து நின்றான். "ஊசி சுத்தமா இருந்துச்சா பூரணி? நான்தான் கழுவி வெச்சேன்."

"சொல்லேண்டி, மனுஷன் காலையிலேர்ந்து தேய்ச்சிருக்காரு," என்று பக்கத்து மேசை ஹெலன் சீண்டினாள்.

பூரணி குடுவையைப் பார்த்தாள். பிறகு அவன் காதுமடலைப் பார்த்தாள். அதுவும் அதே நிறத்துக்கு வந்திருந்தது.

"இருந்துச்சு," என்றாள்.