ஒரு வண்டு, ஒரு படம்

காட்டுப் பூச்சி எதுவானாலும் அதன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் படமெடுக்கலாம் என்பது சட்டம். மேகமலையில் மிஞ்சியிருந்த ஒற்றை நீல வண்டுக்காகச் செங்கமலம் ஒன்பது நாளாகக் காத்திருந்தாள். பார்வையை மறைத்த இலையைக்கூட அவள் விலக்கவில்லை. அட்டை கடித்தபோதும் அசையவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் சாப்பாடு கொண்டுவந்த கணவன் தவசி, தள்ளி நின்றபடியே போனில் அவளைப் படமெடுத்தான். அடுத்த நொடி அவளுடைய கேமரா பூட்டிக்கொண்டது. 'இந்த வண்டைப் படமெடுத்தாகிவிட்டது' என்றது திரை.

வண்டு அவள் தோளில் உட்கார்ந்திருந்தது.

"என்னங்க இப்பிடிப் பண்ணிட்டீங்க?" கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"அது அங்க இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? வீட்டுல ஒன் போட்டோ ஒண்ணுகூட இல்லையேன்னு எடுத்தேன்."

போனை வாங்கிப் பார்த்தாள். வண்டு வெறும் நீலப் புள்ளியாகக் கலங்கியிருந்தது. கருவளையம் விழுந்த அவள் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. பூச்சிப் படங்களைச் சேர்த்துவைக்கும் காப்பகத்துக்கு இனி இதைத்தான் அனுப்பியாக வேண்டும்.

படத்தோடு அனுப்பும் படிவத்தில், 'படமெடுத்தபோது உயிரினத்தின் நிலை' என்ற கட்டத்தில் எப்போதும் 'இயல்பாக இருந்தது' என்றுதான் எழுதுவாள். இந்த முறை கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துவிட்டு, 'மிகவும் களைத்திருந்தது' என்று எழுதினாள்.