இறுக்காத முடிச்சு

இரட்டைப் பெண்களில் ஒருத்தியான செலின் காய்ச்சலில் போனதும், தாயின் மாறுகண் பார்வைதான் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று ஊர் பேசியது. தகப்பன் சூசையும் அதை நம்பினான். மிஞ்சிய பிலோமியைத் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். "கண்ணு நேரான பொறவு பிள்ளையப் பாத்துக்கிடலாம்" என்று சொல்லி, மனைவி மரியபுஷ்பத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டரம்மா கட்டை அவிழ்த்தார். "தையல்ல கடைசி முடிச்ச இன்னும் இறுக்கல. பார்வை சரியில்லன்னா இப்பவே சரிபண்ணிரலாம். இறுக்கிட்டா முடியாது. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

மரியபுஷ்பம் கண்ணைத் திறந்தாள். வாசலில் சூசை இரண்டாகத் தெரிந்தான். அவள் பார்த்தது அவனையல்ல. அவன் கையைப் பிடித்தபடி பச்சைக் கவுனில் ஒரு பிள்ளை நின்றது. அதை ஒட்டி, அதே கவுனில், அதே கோணல் வகிடோடு இன்னொரு பிள்ளை.

"ரெண்டு ரெண்டாத் தெரியுதா?"

"இல்லம்மா. ஒண்ணுதான் தெரியுது."

"நிச்சயமா?"

"முடிச்ச இறுக்கிருங்கம்மா."

டாக்டரம்மா முடிச்சை இறுக்கிவிட்டுப் போனார்.

"அம்மாட்டப் போ" என்று சூசை மகளை முன்னால் தள்ளினான். மரியபுஷ்பம் கையை நீட்டினாள். அந்தக் கை பிலோமியின் தோளுக்குப் பக்கத்தில் வெறும் காற்றைத் தடவிக்கொண்டிருந்தது. பிலோமி கொஞ்சம் நகர்ந்து, கைக்கு அடியில் தன் தலையைக் கொடுத்தாள்.

கை மறுபடியும் பக்கத்துக்கு விலகிப் போனது.